ஒரு குழியில் இரண்டு

இன்றைக்கும் மிளகாய்ச் செடியைக் கண்டால், எதிர்மேசை அக்காவின் கட்டைவிரல் நகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். அதில் எந்நேரமும் பச்சைக் கறை படிந்திருக்கும். புதூர்நாட்டு மலைப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில், நிழல்வலைக்கு அடியில் நாங்கள் எதிரெதிரே நின்று வேலை பார்த்தோம். நாட்டு விதை முளைக்கும் என்று நம்ப முடியாது. அதனால் குழித்தட்டில் குழிக்கு இரண்டாகப் போடுவோம். இரண்டும் முளைத்துவிட்டால் நோஞ்சானை அக்கா அடியோடு கிள்ளி எறிவார். என் தட்டில் நானும் கிள்ளுவேன், ஆனாலும் எமனுக்கே அக்கா என்று அவரைக் கேலி பண்ணுவேன். அவர் தலைநிமிராமல் கிள்ளிக்கொண்டிருப்பார்.

நாற்பதுக்கு மேல் எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்பதே ஊருக்குத் தமாஷ். மனைவியின் ஸ்கேனில் இரண்டு என்றதும் அந்தத் தமாஷையும் நானே ஊரெல்லாம் பரப்பினேன். அடுத்த ஸ்கேனில், ஒன்று சரியாக வளரவில்லை, பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் ‘பார்க்கலாம்’ என்னோடு ஜீப்பில் மலையேறி வந்துவிட்டது. மறுநாள் என் தட்டின் முதல் குழியிலேயே ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. விரற்கடை உயரச் செடிக்கு முன்னால் வியர்த்து நின்றேன். தலைவலி என்று புளுகினேன். பிறகு வயிற்றுப்போக்கு என்றேன்.

அக்கா என் தட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உன் வூட்டுக்காரி வயித்துல ஒண்ணு நோஞ்சானா?”

தலையாட்டினேன்.

“போ, நீ வெத போடு. கிள்ற பாவம் என்னோடவே இருக்கட்டும்.”

அன்று அவர் எல்லாவற்றையும் கிள்ளினார், மூலையில் ஒரு குழியைத் தவிர. பனி விலகாத காலைகளில் வந்ததும் அந்தக் குழியைத்தான் பார்ப்பேன். இரண்டும் வெளுத்து, கழுத்து நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஒருநாள் குட்டை படுத்தேவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா தீக்குச்சி ஒன்றை அதற்கு முட்டுக்கொடுத்தார்.

அடுத்த வாரமே, எட்டாம் மாதத்தில், மனைவிக்கு வலி வந்தது. திருப்பத்தூருக்கு இறங்கினோம். இரண்டும் பிறந்தன. சின்னதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பதினேழு நாள் கழித்து, மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் மாமியார் வீட்டில் சேர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். நாற்றெல்லாம் நடவுக்குப் போயிருந்தது. காலித் தட்டில் அந்த ஒரு குழி மட்டும் பச்சையாக நின்றது.

“ரெண்டும் பால் குடிக்குதா?”

“குடிக்குதுக்கா. சின்னதுதான் அதிகமா குடிக்குது.”

அக்கா நீளமாக மூச்சுவிட்டார். தீக்குச்சியை உருவினார். குட்டையைக் கிள்ளி வீசினார்.

“ஓனர் இந்தக் குழியப் பத்தி ரெண்டு வாட்டி கேட்டாரு. எத்தினி நாளுதான் பொய் சொல்றது.”

செல்போனுக்கு டவர் கிடைக்கும் பாறைக்குச் செருப்பில்லாமல் ஓடினேன். மனைவி எடுத்தாள். இரண்டும் இப்போதுதான் தூங்கின என்றாள்.

“எழுப்பி அழ வை” என்றேன். “ஒவ்வொண்ணா.”