மாஸ்டரின் இடப்பக்கம்

இடது கையை முன்னால் நீட்டிக் கதவின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாஸ்டர் அறைக்குள் நுழைகிறார். தொட மறந்த நாட்களுக்குச் சாட்சியாக இடது தோள் கன்றிப்போயிருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் வலது பாதியை முடித்துவிட்டு, "இன்னிக்கு என்ன, கொஞ்சமா வச்சிட்டியா?" என்பார். மனைவி தட்டைத் திருப்பி வைப்பாள்.

இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். குரலை உயர்த்த மாட்டார். "கண்ணாடியைப் பாருங்க சார். உங்க மூஞ்சியை இல்ல, பின்னால வர்ற லாரியை" என்பார். கியரோடு மல்லுக்கட்டும் பெண்களிடம், "அதட்டாதீங்கம்மா, வண்டிக்கும் ரோஷம் உண்டு" என்பார். பயந்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டு போனார்கள்.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் அவருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்தது. தினமும் ஒரு மாத்திரை, விடவே கூடாது என்றார் டாக்டர். இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டார். அளந்து பார்த்தார், இறங்கியிருந்தது. 'தலைவலி இல்ல, மயக்கம் இல்ல, அப்புறம் எதுக்கு?' என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. காலையில் மனைவி மாத்திரையும் தண்ணீரும் நீட்டுவாள். தண்ணீர் வயிற்றுக்குள் போகும், மாத்திரை சட்டைப்பைக்குள் போகும். "போட்டாச்சா?" "ஆச்சு." மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாளிலிருந்தே மண்டையைப் பிளக்கும் வலி. காலையில் இரண்டு தடவை வாந்தி. வெயில் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாளுக்கு அன்று ஒன்பதாவது வகுப்பு. பாலத்தைத் தாண்டியதும் சாலை மங்கியது. "திருப்புங்க, திருப்புங்க" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நிமிஷம் கை கால் வெட்டி இழுத்தது. அந்த அம்மாள் பதறாமல் வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கைப் போட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அவர் கற்றுக்கொடுத்தபடியே செய்தாள்.

ஆஸ்பத்திரியில் மேல் அளவு இருநூற்று நாற்பது. கொதிப்பு எகிறி மூளை வீங்கியிருந்தது. பின்பக்கம் ஓரிடத்தில் ரத்தமும் கசிந்திருந்தது. மூன்று நாள் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, பேச்சும் குழறல். நான்காம் நாள் டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்காப் போட்டாரா?"

"ஒரு நாள் தவறினதில்லைங்க. நானே கையில குடுப்பேன்" என்றாள் மனைவி.

"இல்ல" என்றார் கட்டிலில் கிடந்தவர். அந்த நான்கு நாளில் அவர் தெளிவாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "நான் போடல. அவகிட்ட பொய் சொன்னேன்."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

வீக்கம் வடிந்தது, பேச்சு திரும்பியது. கசிந்த இடம் மட்டும் திரும்பவில்லை. இரண்டு கண்ணிலும் இடப்பாதி உலகம் போய்விட்டது. லைசென்ஸை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனிதர். சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை அவரிடம் விட்டிருக்கிறார். கரும்பலகையில் வரியின் தொடக்கத்தைத் தேடி முழுத் தலையையும் திருப்புகிறார். "இருந்த கண்ணை நானே தொலைச்சேன்" என்று எப்போதாவது சொல்வார்.

மனைவி ஒரு நாளும் அவரைக் குத்திக்காட்டியதில்லை. 'போட்டாச்சா?' என்று இப்போது கேட்பதுமில்லை. காலையில் மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அவர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். அவள் எதிரில் நின்று விழுங்குகிறார். பிறகு வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். "சரி, மூடுங்க" என்கிறாள் அவள், திரும்பாமலே. அவர் மூடுவதில்லை, அவள் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே நிற்கிறார்.