பெரியப்பாவின் சட்டையில் ஒரு சொட்டு

எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட பொருள் பெரியப்பாதான். சோதித்தவள் நான். அப்போது நான்காம் வகுப்பு.

அப்பாவும் பெரியப்பாவும் ஆம்பூரில் ஒரே தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தார்கள். முடி உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள்; பிறகு அந்தச் சுண்ணாம்பை முழுக்க வெளியேற்றியாக வேண்டும். மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும், நடுவில் ஒளிந்திருக்கும். அதனால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, தண்ணீர் போன்ற ஒரு மருந்தைச் சொட்டுவிடுவார்கள். சுண்ணாம்பு மிச்சமிருந்தால் வெட்டிய இடம் ரோஸ் நிறமாகிவிடும். ஓர் ஆயுத பூஜை அன்று என்னையும் அக்காவையும் உள்ளே கூட்டிப்போய் அப்பா இதைச் செய்து காட்டினார்.

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது கண்ணு. இந்தச் சொட்டு உட்டா உள்ள இன்னா இருக்குதுன்னு காட்டிக் குடுத்துடும்."

அப்பா தோலைத்தான் சொன்னார். நான் வாய் நிறையப் பொரியோடு, அதை உலகத்துக்கே பொருத்திக்கொண்டேன்.

அக்கா கேட்டது வேறு. "ஏம்ப்பா செவக்குது?"

"செவக்கும். அவ்ளோதான்."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. ப்ளஸ் டூ ஆய்வகத்தில் அதே மருந்தைப் பார்த்த அன்று, பையைக்கூட இறக்காமல் அடுப்படிவரை ஓடிவந்து அம்மாவிடம் கத்தினாள். அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. சென்னையில் போய்த் தோல் தொழில்நுட்பம் படிக்க வேண்டும், பொறியாளராக வேண்டும். மார்க்கும் இருந்தது. இல்லாதது பெரியப்பாவின் சம்மதம். தாத்தா போனபின் அப்பாவை வளர்த்து வேலையில் சேர்த்துவிட்டவர் அவர். அவர் முன்னால் அப்பாவுக்குக் குரலே வராது.

கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைக் கணினியில் பதிவு செய்யக் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணியோடு முடிந்துவிடும். மூன்று மணிக்குப் பெரியப்பா சலவை வெள்ளைச் சட்டையில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஷூ கம்பெனின்னா சொல்லு, நானே சேத்து உடறேன். வாசலுக்கு பஸ்ஸு வருது, ஃபேனுக்குக் கீழ உக்காந்து தைக்கலாம். உங்கம்மா போறா, உங்க பெரிம்மா போறா. தோல் ஷாப்புக்குப் பொம்பளப் புள்ள எவ வந்தா? டீச்சருக்குப் படி பாப்பா."

"மாமா, அவ ஆசப்படறா..." என்று அம்மா இழுத்தாள்.

"ஆச இருக்கும்மா. பேஜாரு யாரு படறது?"

அப்பா தரையைப் பார்த்தார். அக்கா அழவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு மிட்டாய் வாங்கித் தருகிற, சிம் கார்டு வாங்கப் போய்க் கட்டைவிரலை மிஷின் ஏற்காமல் திரும்பிவந்த கதையை நடித்துக் காட்டிச் சிரிக்கவைக்கிற பெரியப்பா இவரில்லை. மேலே நல்லவராகத்தான் இருக்கிறார். அப்படியென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அப்பாவின் சாப்பாட்டுப் பையில் அந்தச் சொட்டு மருந்தின் சிறிய புட்டி இருப்பது எனக்குத் தெரியும். முறைப்படி முதலில் ஒரு வெட்டு வெட்ட வேண்டும். அது நடக்காது என்று தோன்றியது. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, தோள்பட்டையில் நான்கைந்து சொட்டு விட்டேன்.

பன்னீர் ரோஜா மாதிரி பூத்தது.

"அப்பா! பெரிப்பாக்கு உள்ள இன்னும் சுண்ணாம்பு இருக்குது!"

அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். "ஐயோ மாமா, வெள்ளச் சட்ட!" பெரியப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தெரியவில்லை. சட்டையைக் கழற்றினார். அதற்குள் அக்கா பாதி எலுமிச்சம்பழத்தோடு வந்து கறையின் மேல் பிழிந்தாள். ரோஸ் நிறம் எல்லோர் கண் முன்னாலும் மறைந்தது.

"எங்க போச்சு?" என்றார் பெரியப்பா.

"இத யாரு தொவச்சது பெரிப்பா?" என்று கேட்டாள் அக்கா.

"நான்தான். உங்க பெரிம்மாக்கு ஓவர்டைம்மு."

"சோடா போட்டு ஊறவச்சீங்களா? சரியா அலசல. அந்தக் காரம்தான் செவந்துது. இப்ப புளிப்பு பட்டதும் காரம் செத்துப்போச்சு."

"நேத்து தண்ணி வரல பாப்பா. ஒரு தபாதான் அலசினேன்," என்றார் பெரியப்பா, போலீஸிடம் ஒப்புக்கொள்கிறவர் போல. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பனியனோடு உட்கார்ந்திருந்தவர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருஷமா சொட்டு உடறேன். அப்ப தோல்ல இருக்கற சுண்ணாம்ப எது சாவடிக்குது? நாங்க எலுமிச்சம்பழமா பிழியறோம்?"

"டிரம்ல ஒரு உப்பு கொட்றீங்களே, அதுதான்."

"அடிப்பாவி!" என்றார். உப்பை ஏன் இவ்வளவு போடுகிறோம், குறைத்தால் என்ன ஆகும் என்று கேள்வி மேல் கேள்வி. தெரிந்ததற்கு அக்கா பதில் சொன்னாள். தெரியாத இரண்டுக்கு, "அதப் படிக்கத்தான் போறேங்கறேன்" என்றாள். பெரியப்பா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாறு பட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

"டேய், மணி நாலரை ஆவுது," என்று திடீரென்று அப்பாவை அதட்டினார். "பிரவுசிங் சென்டருக்குக் கூட்டினு போடா. இன்னும் இன்னாடா தரையப் பாத்துனு கீற?"

அக்காவுக்கு இடம் கிடைத்தது. கிளம்புகிற நாளில் பெரியப்பா ஸ்டேஷனுக்கு ஒரு பொட்டலத்தோடு வந்தார். கைக்கடிகாரமாக இருக்கும் என்று நான்தான் பிடுங்கிப் பிரித்தேன். முழங்கைவரை வரும் ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை, ஒரு ஜோடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. படிக்கப் போகிற பெண்ணுக்கு யாராவது இதைக் கொடுப்பார்களா?

அக்கா அழகான எதையோ வாங்கியதுபோல அதை வாங்கிக்கொண்டாள். பிறகு பெரியப்பாவின் கையைப் பிடித்து, கட்டைவிரலை ஒருமுறை தடவிப் பார்த்தாள். வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு அரித்ததில், ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தது அது. "போட்டுக்கணும். ஒரு நாளும் வெறுங்கைய உடாத," என்றார்.

ரயில் நகர்ந்தபோது அக்கா ஜன்னல் வழியாக அந்தக் கையுறைகளை மாட்டிக்கொண்டு டாட்டா காட்டினாள். பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எப்போதும் எனக்கு முன்னால் சிரிக்கிற பெரியப்பா ஏன் சிரிக்கவில்லை என்று, வீடு வந்து சேரும்வரை அப்பாவைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.