அட்டையில் எழுதாத பெயர்

நான் வரலாறு கற்பித்தவன். கொடைக்கானலில் ஆசிரியராக இருந்த காலத்தில், சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களை ஏரிக்கு மேலே ஏறும் ஒரு தெருவில் அரை நாள் சுற்றிக் காட்டுவேன். பழைய நூலகம், தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம், தெரு முடியும் இடத்தில் ஒரு சிறிய காட்சியகம். காட்சியகத்தில் பாடம் செய்த காட்டெருமைத் தலை, புட்டிகளில் பாம்புகள், முதுமக்கள் தாழியின் உடைந்த விளிம்பு, சுவரில் சில புகைப்படங்கள். அங்கிருந்த தமிழ்க் குறிப்பு அட்டைகள் எல்லாம் நான் எழுதியவை. அவற்றில் ஒன்று பொய். பொய் என்று தெரிந்த பிறகும் அதை அப்படியே விட்டேன்.

அது ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம். நெற்றியில் கயிறு போட்டு முதுகில் கூடை சுமந்தபடி, உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு தோட்ட முதலாளி வீட்டுப் பெட்டியில் கிடைத்ததாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 'பழனி மலைப் பழங்குடிப் பெண், தேன் கூடையுடன். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன். பெயர் தெரியவில்லை' என்று எழுதினேன். எந்த ஆதாரமும் இல்லை. படம் பழையதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை அந்த அட்டையைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாள் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு அருகில் வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"தேன் கூடையா? அது தேயிலைக் கொழுந்துக் கூடைங்கய்யா. அது எங்கம்மா."

"நூறு வருஷத்துப் படம்மா இது. அப்ப உங்களுக்கு என்ன வயசு, எண்பதா?"

கூட்டம் சிரித்தது. முதலில் அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "அக்கரையில, சிலோன்ல, கொழுந்து எடுத்தவங்க. இங்கிட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வந்தும் நெத்தியில கூடை மாட்டுற பழக்கம் போகல. யாரோ ஒரு தொரை படம் புடிக்கிறேன்னு வெயில்ல நிக்க வச்சாரு. அரைப்பேராவது போட்டிருக்கலாம். அதுகூடப் போடல."

"அரைப் பேரா? முன்பாதி போடவா, பின்பாதி போடவா?"

இம்முறை சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் தன் தாயின் பெயரைச் சொன்னார். சொன்னது நினைவிருக்கிறது. பெயர் நினைவில்லை.

அடுத்த வாரம் தனியாக நின்று படத்தைக் கவனித்தேன். இடது ஓரத்தில், செடிகளுக்கிடையில், ஒரு பிளாஸ்டிக் வாளி. நூறு ஆண்டுகளுக்கு முன் ஏது பிளாஸ்டிக் வாளி? எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் காட்சியகத்தார் என் அட்டைகளைப் பாராட்டியிருந்தார்கள். திருத்தினால் மற்ற அட்டைகளையும் சந்தேகிப்பார்கள் என்று பயந்தேன். வாளி மறையும்படி சட்டத்தின் உள்விளிம்பில் கறுப்புத் தாள் ஒட்டினேன். அரைப்பேர்க் கதையைப் பல மாதங்கள் வேடிக்கையாகச் சொல்லிவந்தேன். நான் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாள் எனக்கு முதுகைக் காட்டித் தரையைக் கூட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இப்போது திண்டுக்கல்லில் மகன் வீட்டில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் மருத்துவமனை வரிசையில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஆசிரியராக இருந்தவன் என்று பேச்சில் சொல்லியிருந்தேன். காத்திருந்து அலுத்துப்போய்ச் சொன்னார்: "இன்னைக்கு எனக்கு அரைப்பேருதான் போங்க."

"அப்படின்னா?"

"தோட்டத்துல ஒருநாள் வேலைன்னா ஒரு பேரு. பாதி நாளுன்னா அரைப்பேரு. செக்ரோலுன்னு ஆள்கணக்கு நோட்டு, அதுல கங்காணி போடுறது. வாத்தியாருக்கு இது தெரியாதா?"

தெரியாது. படத்துக்காகப் பாதி நாள் நிறுத்திவைத்துவிட்டு அதை வேலைநாளாகக் கணக்கில் சேர்க்காமல் விட்டதைத்தான் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு ஒரு கூட்டமே சிரித்தது. சிரிக்க வைத்தவன் நான். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. சரியான பெயருடன் ஒரு புது அட்டையாவது வைத்துவிட்டுச் செத்துப்போக வேண்டும் என்று கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். மூடுபனி கூடத்துக்குள்ளேயே வந்திருந்தது. பாம்புப் புட்டிகளின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. என்னைத் தவிரப் பார்வையாளர் யாரும் இல்லை. மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, அந்த ஃபோட்டோவா சார்? டூரிஸ்ட் எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. அந்தம்மா ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க."

"வாய் மூடித்தானே இருக்கும்?"

அவள் சுவரைக் கை காட்டினாள். போய்ப் பார்த்தேன்.

பூஞ்சை படத்தின் நான்கு ஓரங்களையும் தின்றிருந்தது. கூடை போய்விட்டது. தோளும் போய்விட்டது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் மெல்லிய கறுப்பு இடைவெளி. வாய் திறந்திருந்தது.

"ஈரத்துல மேல் பூச்சு உரியுது சார். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா." அவள் குரல் மேசைப் பக்கமிருந்து வந்தது. அது சரியான விளக்கம்தான். ஆனாலும் பேனாவைத் திறந்துகொண்டு அந்த முகத்துக்கு முன்னால் நின்றபோது பெயர் வரவில்லை. எனக்குப் பின்னால் யாரோ தரையைக் கூட்டும் சத்தம் கேட்டது. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. திரும்பினேன். தரை வெறுமையாக இருந்தது.

"கூட்டுறவங்க வந்துட்டாங்களா?"

"இன்னைக்கு லீவு சார். ஏன்?"

பழைய பதிவேட்டில் தேடி, முன்பு அங்கே கூட்டிய அம்மாளின் ஊரை மேசைப் பெண் கண்டுபிடித்துத் தந்தாள். மறுநாள் பேருந்து மாறி மாறிப் பாச்சலூர் போனேன். தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு. அந்த அம்மாள் வாசலில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். முடி முழுவதும் நரைத்திருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"அரைப்பேரு வாத்தியாரு," என்றார். "உக்காருங்க. நிக்க முடியல பாருங்க உங்களுக்கு."

உட்கார்ந்தேன். வாளியைப் பற்றியும் கறுப்புத் தாளைப் பற்றியும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"அம்மா பேரைச் சொல்லுங்க. எழுதி வச்சிட்டுப் போறேன்."

"அன்னைக்குச் சொன்னேனே."

"மறந்துட்டேன்மா."

கை நின்றது.

"அம்மா செத்தப்ப நான் ஊருல இல்லீங்க. அந்தப் படத்துக்காகத்தான் அங்க வேலைக்கே சேந்தேன். தெனம் கூட்டயில பேரைச் சொல்லிச் சொல்லிக் கூட்டுவேன். ஒருநா சொன்னப்ப படத்துக்குள்ளாற யாரோ மூச்சை இழுத்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கே வேலைய விட்டுட்டேன். நீங்க கேலி பேசுனதுக்காகன்னு நெனச்சீங்களா?"

ஆம், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"இத்தனை வருசம் பேரில்லாம நிக்கிறா. இப்பப் போய் எழுதி, வர்றவன் போறவன் எல்லாம் வாய்விட்டுப் படிச்சா, கூப்புடுறாங்கன்னு வந்துருவா. வந்தா எங்க போவா? அன்னைக்கே எழுதியிருந்தா அது வேற. இனி வேணாம்." பிறகு, "நீங்க எழுதுனதை மட்டும் எடுத்துருங்க," என்றார்.

வற்புறுத்தவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. திரும்பி வந்து என் அட்டையைக் கழற்றினேன். மேசைப் பெண்ணிடம் சொன்னேன்: "யாராவது இது யாருன்னு கேட்டா, பேரை ஒரு வாத்தியார்கிட்ட ஒருதடவை சொன்னாங்க, அவரு எழுதலைன்னு சொல்லும்மா."

"அப்படியா சொல்றது சார்? அவர் யாருன்னு கேப்பாங்களே."

என் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன்.