குழாய்த் தண்ணீரும் ஞானம் அக்காவும்

மார்கழிக் காலையொன்றில், சாம்பிள் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி வேன் ஓட்டும் பழனிசாமி அண்ணன் கதவோரம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "ஏனுங்க பூங்கொடி, ஞானம் அக்கா போயிட்டாங்களாமுங்க. ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு" என்றார். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. இனி அவர் அந்தக் கேள்வியை மனதில் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அன்று மாலைக்குள் அதுவும் போய்விட்டது.

ஞானசௌந்தரி என்று முழுப் பெயரைச் சொன்னால் நம் கம்பெனியிலேயே பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. ஞானம் அக்கா என்றால் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை தெரியும். தைத்து முடித்த பனியன்களெல்லாம் பேக்கிங்குக்குப் போகும் முன் அவருடைய செக்கிங் மேசையைத் தாண்டித்தான் போகும். சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கணவர் இறந்த பிறகு, கைக்குழந்தையோடு திருப்பூருக்கு வந்தவர். மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார். அந்தக் குழந்தைதான் ஜெபா. அவனை வளர்த்து ஆளாக்கியதைத் தவிர அவர் தனக்கென்று எதுவும் செய்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க ஆர்டர்கள் சுருங்கிக்கொண்டிருந்த சமயம் நடந்ததை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். அனுப்பியே ஆக வேண்டிய சரக்கில், கழுத்துத் தையலை ஒட்டிப் பல பனியன்களில் ஊசி ஓட்டை. அக்கா எல்லாவற்றையும் தனியாக எடுத்து அடுக்கிவிட்டார். மேனேஜர் ஓடி வந்தார். "கண்ணுக்கே தெரியாத ஓட்டைங்க. இந்த ஆர்டர் கையை விட்டுப் போனா நாம எல்லாரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று கையைப் பிசைந்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "எனக்குத் தெரிஞ்சிட்டே சார். பாத்தத பாக்கலைன்னு எப்படிச் சொல்லுதது? இன்னைக்கு அனுப்பினா ஒரு துவைப்புல பெருசாவும். அப்பவும் ஆர்டர் போவும்லா?" என்றார். மறுபடி துணி வெட்டித் தைத்தோம். மேனேஜர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அக்காவே அவருக்கு டீ கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

ஜெபா வெள்ளகோவிலில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். தினமும் போய்வர ஒரு பைக் வாங்கினான். அப்போதுதான் நம் ஊர்ச் சாலைகளில் ரேடியேட்டர் வைத்த பைக்குகள் தென்பட ஆரம்பித்திருந்தன. சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கு வந்து, செக்கிங் பெண்கள் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு காட்டினான். "மத்த பைக்குக்குக் காத்துதான் சூட்டைத் தணிக்கும். இதுக்கு உள்ளயே தண்ணி சுத்தி வரும்மா. எந்த வெயிலானாலும் கவலையில்லை" என்றான். அக்கா அந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "பைக்குக்குக்கூட தாகம் எடுக்குமாலே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

கோடை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த அக்கா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வாசலில் ஜெபா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரேடியேட்டருக்குள் சுற்றி வந்து சூட்டைத் தணிக்கும் கூலன்ட் குறைந்துவிட்டது என்றான். கடையில் வேறொரு கம்பெனிக் கூலன்ட் விற்கிறார்களாம், பச்சை நிறத்தில், சூடான ஊர்களுக்கென்றே தயாரித்ததாம். அதை ஊற்றினால் இந்த வெயிலில்கூட என்ஜின் குளிர்ந்தே இருக்குமென்று கடைக்காரர் சொன்னாராம். விலையைச் சொன்னதும் அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "பச்சத் தண்ணிக்கா இம்புட்டு துட்டு? குழாயில வாரதும் தண்ணிதானலே. ஊத்து, போதும்." ஜெபா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "சரிம்மா, உங்க கூலன்டையே ஊத்துதேன்" என்று, லைன் வீட்டுக் குழாயில் வந்த உப்புத் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து ஊற்றினான். பிறகு கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். மீன் குழம்பு. இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினான்.

அடுத்து வந்த வாரங்களில் ஒரு நாள், நடுப்பகல். காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போகும் சாலையில் பைக்கின் என்ஜின் ஓட்டத்திலேயே இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டியதுபோல நின்று, ஜெபா சாலையில் விழுந்தான். பின்னால் வந்த லாரிக்கு நிறுத்த இடமில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்த டீக்கடைக்காரர் நல்ல மனிதர். சட்டையெல்லாம் ரத்தம். அக்காவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்துத்தான் சொன்னார். "தம்பி மேல தப்பில்லீங்கம்மா. மெதுவாத்தான் வந்தாப்புல. என்ஜின் பிடிச்சிருச்சுங்க. தண்ணி கொதிச்சு ஒரே ஆவியா அடிச்சுது."

அதுவரை தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். "தண்ணியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அழவேயில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் வேலைக்கு வந்தார். சாயங்காலம் என்னிடம், "பிள்ள, வண்டிச் சாமான் விக்குத கடை எங்க இருக்கு?" என்று கேட்டார். எதற்கென்று கேட்கத் தோன்றாமல் என் ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். கடைப்பையனுக்கு இவர் யாரென்று தெரியாது. வாங்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டான். "நம்மூரு வெயிலுக்கு இது இல்லாம ஓட்டவே கூடாதுங்கம்மா. வெறும் தண்ணி ஊத்தினா என்ஜின் கண்டிப்பா பிடிச்சுக்கும்" என்று பச்சைப் பாட்டிலை எடுத்து அவர் முன் வைத்தான். அக்கா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கூட்டி வர வேண்டியிருந்தது.

அடுத்த பட்டறையில் ஒரு பெரியவர் நேர் எதிராகச் சொன்னார். "எல்லாம் ஏமாத்து வேலைங்க. கலர்த் தண்ணிய பாட்டில்ல அடைச்சு விக்கறானுங்க. எங்க காலத்துல காரு, லாரி எல்லாம் கெணத்துத் தண்ணியிலதான் ஓடுச்சு." அன்றிரவு அக்கா கொஞ்சம் சாப்பிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். மறுநாள் இன்னொரு பட்டறை. அங்கே இன்னொரு பதில். தண்ணீரால்தான் என்ஜின் பிடித்தது என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் இல்லை என்றார். அக்கா இரண்டையும் நம்பவில்லை. இல்லை என்பவர்கள் தன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொல்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம்.

கடைசியில், என் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு தொழிற்பயிற்சி ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். மோட்டார் வாகனப் பாடம் நடத்துபவர். அவர் மட்டும்தான் அக்காவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். சூட்டை வாங்கிக்கொண்டு போவதில் வெறும் தண்ணீர் எதற்கும் குறைந்ததில்லையாம். விலை கூடிய கூலன்ட் ஊற்றியதாலேயே என்ஜின் ஒன்றும் ஐஸாகிவிடாதாம். அதன் வேலை வேறு. தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் தள்ளிப் போடும். உள்ளே துரு பிடிக்காமல், உப்புப் படியாமல் காக்கும். வண்டிக் கம்பெனி சொன்ன கூலன்ட் சரியான அளவில் இருந்தாலே நம் வெயிலுக்குப் போதும். அதற்கு மேல் கடையில் விற்பவை பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

"அப்ப உப்புத் தண்ணி?" என்றார் அக்கா.

"நாள்பட ஊத்தினா கெடுதலுங்கம்மா. சில வாரத்துல அடைச்சுக்காது."

"சீக்கிரம் கொதிக்கும்னு சொன்னீங்களே சார். அன்னைக்கு அவன் அந்தப் பச்சையை ஊத்தியிருந்தா?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "சொல்ல முடியாதுங்கம்மா" என்றார்.

போலீஸ் பைக்கைத் திருப்பிக் கொடுத்ததும், முதலிபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் சண்முகம் அதைக் கொண்டுபோய் என்ஜினைப் பிரித்தார். ஜெபாவுக்குப் பழக்கமானவர். பிரித்துவிட்டு எங்களை வரச் சொன்னார். ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதில் ஒரு கிழிசல். "இதுல ஒழுகித்தானுங்க தண்ணி தீர்ந்திருக்குது. கூலன்ட் ஊத்தியிருந்தாலும் இதே வழியாத்தான் போயிருக்கும். எதை ஊத்தியிருந்தாலும் இப்படித்தானுங்கம்மா ஆயிருக்கும்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா அந்தக் குழாயை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, கிழிசலின் ஓரத்தை விரலால் தடவினார். மேசையில் பனியனை விரித்துப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"தம்பி, இது முன்னாடியே இருந்த கிழிசலா, கீழ விழுந்ததுல கிழிஞ்சதா?"

"முன்னாடியே இருந்ததுதானுங்க."

"பழைய கிழிசல்னா ஓரத்துல அழுக்கு ஏறியிருக்கும்லா. இது இப்பக் கிழிச்சது மாதிரி இருக்கே."

சண்முகம் தரையைப் பார்த்தார். "சரியாச் சொல்லத் தெரியலீங்கம்மா. முன்னாடியும் இருந்திருக்கலாம்."

"இல்லீங்க்கா, மொதல்லயே கூலன்ட் குறைஞ்சுதே. ஒழுகினதுனாலதானே குறைஞ்சிருக்கும்?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"இருக்கலாம்" என்றார் அக்கா. "இருக்கலாம்னா இல்லாமயும் இருக்கலாம்லா, பிள்ள." குழாயைச் சண்முகத்தின் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் தோளைத் தட்டி, "நல்ல பிள்ளை நீ. ஒனக்குப் பொய் சொல்ல வரல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. நாங்கள் அதைத் தேறுதல் என்று எடுத்துக்கொண்டோம். வேலைக்கு ஒழுங்காக வந்தார். சொன்னால் சாப்பிட்டார். ஒரு நாள் பேக்கிங்கிலிருந்து ஒரு பனியனை எடுத்து வந்து என்னிடம் காட்டினார்கள். நெஞ்சில் விரல் நுழையும் ஓட்டை. அக்காவின் மேசையைத் தாண்டி வந்திருந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல் அதை மறைத்து வைத்துவிட்டோம். மறுநாள் இன்னொன்று வந்தது. மேனேஜர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் அந்த மேசையின் சரக்கை இன்னொருவர் மறுபடி பார்க்க ஏற்பாடு செய்தார். சில நாட்களில் அதுவும் அக்காவுக்குத் தெரிந்தது. முன்பென்றால் சண்டை போட்டிருப்பார். பேசாமல் எழுந்து, மூலையில் நூல் வெட்டும் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டது தெரியாது. காலில் வந்த ஒரு சிறு புண் ஆறாமல் பெரிதாகி, காய்ச்சலில் விழுந்த பிறகுதான் பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மத்தியானம் பார்க்கப் போனேன். கை குச்சிபோல் இருந்தது. "ஏனுங்க்கா மாத்திரை சாப்பிடாம விட்டீங்க? எங்ககிட்டச் சொல்லியிருந்தா வாங்கியாந்து தர மாட்டமா?" என்று கேட்டேன். அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"எந்தப் பய அம்மை பேச்சக் கேக்கான், பிள்ள? சர்ச்சுக்கு வாலேம்பேன், வர மாட்டான். தலைக்கு எண்ணெய் வையிம்பேன், வைக்க மாட்டான். வெயில்ல போவாதன்னா போவான். இத மட்டும் கேட்டான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வார்டு நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். எழுந்து வந்தேன். மறுநாள் காலையில்தான் பழனிசாமி அண்ணன் கதவோரம் வந்து நின்றது.

அடக்கத்துக்கு வந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஜெபாவுக்குப் பக்கத்தில் இடமில்லை. அதற்குள் அங்கே வேறு யாரையோ வைத்துவிட்டிருந்தார்கள். சுவரோரம், கடைசி வரிசையில்தான் அக்காவுக்கு இடம் கிடைத்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய நேர்மை என்றோ, கண்டிப்பு என்றோ எழுதத்தான் உட்கார்ந்தேன். நிஜம் அதுவல்ல. மிஞ்சியது 'இத மட்டும் கேட்டான்' என்ற அந்த ஒரு பேச்சு. பாத்திரம் கழுவும்போது, ஸ்கூட்டி ஓட்டும்போது, என் மகளை ஏதாவது சொல்லி அதட்டும்போது அது காதில் விழுகிறது. அன்றைக்கு அந்தக் கட்டிலருகே நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டுமென்று இன்னும் தெரியவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவரிடம் இனிச் சொல்ல முடியாது.