கொஞ்சம்தான் மாத்தணும்

என் கைப்பேசியில் ஒரு பச்சை முக்கோணம் வந்து கிடக்கிறது. விசேஷ வீட்டு வாசலில் போடும் கெனோப்பிக் கூடாரத்தின் உச்சியைப் போல மேலே கூராகவும் இரண்டு பக்கமும் லேசாக வளைந்தும் இருக்கிறது. கீழே கம்பெனியின் பெயர், அதற்கும் கீழே ஒரு மெல்லிய கோடு. அவ்வளவுதான். அண்ணன் மகள் அனுப்பியிருக்கிறாள். "அத்தை, இது ஓகேயா? நீங்க சொன்னாத்தான் பிரிண்டுக்குக் குடுப்பேன்" என்று அடியில் எழுதியிருக்கிறாள். கெனோப்பியும் நாற்காலியும் வாடகைக்கு விடும் அண்ணனின் தொழிலை இப்போது நடத்துவது அவள்தான். இதே முக்கோணத்தை, இதே டிசைனர், பல வருடங்களுக்கு முன்னால் முதல் தடவையிலேயே வரைந்து கொடுத்துவிட்டாள். அன்றைக்கே அண்ணன் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தலையில் இத்தனை நரை விழுந்திருக்காது.

எங்கள் ரப்பர் தோட்டம் கை மாறி, பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது, சனங்கள் ஈப்போ, லகாட், ஹுத்தான் மெலிந்தாங் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் யாரையும் விடவில்லை. யார் பிள்ளைக்குக் கல்யாணம், யார் வீட்டில் காதுகுத்து, யார் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அண்ணனின் லாரிதான் போகும். சனிக்கிழமை கல்யாண வீட்டில் நின்ற கெனோப்பி திங்கட்கிழமை எழவு வீட்டில் நிற்கும். கழுவிக் காயப்போட்டால் போதும், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. வேறு வாடிக்கை என்று அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்தத் தோட்டத்துச் சனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் லாரியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. கல்யாண வீட்டில் கெனோப்பி போட்டு முடித்ததும் கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, வாசலில் போய் நின்றுவிடுவார். "வாங்க! வாங்க! உள்ள போங்க, சாப்பிட்டுப் போலாம்!" என்று வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டு அழைப்பார். பெண்ணின் மாமா என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் அவருக்குச் சந்தனம் பூசியதும் உண்டு. அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். நான் அவரைத் தெரியாதவள் போல வேறு பக்கம் பார்ப்பேன்.

இப்படிப்பட்டவருக்குத்தான் லோகோ தேவைப்பட்டது. ஒரு கல்யாணத்தில் இவருடைய நாற்காலிகளும் வேறொரு கம்பெனியின் நாற்காலிகளும் கலந்துபோய், பிரித்தெடுப்பதற்குள் இரு தரப்பு வேலையாட்களும் கைகலக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அடையாளம் ஒன்று வேண்டும் என்று முடிவானது. ஈப்போவில் நான் வேலை பார்த்த கிளினிக்குக்கு மேல்மாடியில் ஒரு பெண் சின்னதாக டிசைன் ஆபீஸ் வைத்திருந்தாள். பொறுமைசாலி, நல்ல கைக்காரி. சும்மா இருக்காமல் நான்தான் அவளை அண்ணனுக்கு அறிமுகப்படுத்தினேன்.

அவள் இரண்டு வாரத்தில் பச்சை முக்கோணத்தை அனுப்பினாள். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. லாரிக் கதவு, நாற்காலி முதுகு, கெனோப்பியின் ஓரத்தொங்கல் எதில் போட்டாலும் தூரத்திலிருந்தே தெரியும். அண்ணன் எங்கோ ஒரு வெயிலில் ஆணி அடித்துக்கொண்டே கைப்பேசியில் பார்த்திருக்கிறார். பின்னால் இரும்புக்கால்கள் கடகடவென்று விழும் சத்தத்தோடு எனக்கும் டிசைனருக்கும் அவருடைய குரல் பதிவு வந்தது. "ரொம்ப நல்லா இருக்கும்மா. கொஞ்சம்தான் மாத்தணும்."

அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நம்பி நாசமாய்ப் போனோம். முதலில் ஒரு குத்துவிளக்கு வந்தது. விளக்கு தனியாக நின்றால் நல்லாயிருக்காது என்று இரண்டு பக்கமும் மயில் வந்தது. மயில் வந்த பிறகு வாழைமரம் இல்லாவிட்டால் எப்படி? பிறகு படத்தைத் தோட்டத்துச் சனங்களின் வாட்சாப் குழுவில் போட்டு, "எல்லாரும் கருத்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். கேட்டால் சும்மா இருப்பார்களா? பால்மரமும் அதில் பால் வடியும் மங்கும் இருந்தால்தான் நம்ம ஆள் என்று தெரியும் என்றார் முன்னாள் கங்காணி ஒருவர். கோயில் கோபுரம் எங்கே என்று கேட்டார் இன்னொருவர். பச்சை நிறம் வேண்டாம், மஞ்சள்தான் மங்களம் என்றார் தைப்பிங்கிலிருந்து ஒரு அக்கா. அண்ணன் யாருடைய மனதையும் நோகடிக்க மாட்டார். எல்லாவற்றையும் டிசைனருக்குத் தள்ளிவிட்டார்.

அவள் ஒருநாள் மதிய இடைவேளையில் கீழே இறங்கி வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அக்கா, நான் படிச்சதெல்லாம் மறந்துடும் போல இருக்கு. இவ்வளவு சாமான நாற்காலி முதுகுல போட்டா ஒட்டுக்கடைல கோப்பிக் கறை பட்ட மாதிரிதான் தெரியும். நீங்க சொல்லக்கூடாதா?" என்றாள். நான் சொல்லாமலா இருந்தேன்? வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். படித்துப் படித்துச் சொன்னேன். "நீ ஆபீஸ்ல இருக்கிறவ. ஒனக்கு நம்ம சனத்தப் பத்தி என்னா தெரியும்லா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான் என்பது அவருக்கு எப்படி மறந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கடைசியாக வந்ததுதான் மகுடம். கும்பிட்ட இரண்டு கைகள், அவற்றுக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'வாங்க! வாங்க!'. ஏன் என்று கேட்டேன். "கல்யாண வீட்டுக்காரவங்களுக்கு வாசல்ல நிக்க நேரம் ஏது? சமையல் பக்கமே ஓடிக்கிட்டு இருக்காங்க. நானும் எல்லா எடத்துலயும் நிக்க முடியாது. நம்ம கெனோப்பியே கூப்பிடட்டும்" என்றார். டிசைனர் அதையும் போட்டுக் கொடுத்தாள். அதற்குள் அவள் ஓய்ந்துபோயிருந்தாள், நானும்தான். எல்லாக் கெனோப்பிகளின் நான்கு ஓரத் தொங்கல்களிலும் அந்தப் படம் அச்சாகி வந்தது. வாட்சாப் குழுவில் கைதட்டல் படங்களாகக் குவிந்தன. அத்தனை பேர் கருத்துச் சொன்னார்களே, அதில் ஒருவருக்காவது, வாழ்க்கையில் பாதி நாளை எழவு வீடுகளில் கழித்த என் அண்ணனுக்காவது, அது தோன்றியதா என்றால் இல்லை.

லகாட்டில் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். நானும் மாலை வாங்கிக்கொண்டு காலையிலேயே போயிருந்தேன். அண்ணனின் ஆட்கள் வீட்டுக்கு முன்னால் ரோட்டை அடைத்துக் கெனோப்பி போட்டு முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்து இறங்கியது. இறந்தவரின் மூத்த மகன், லாரி ஓட்டுகிறவர், பெட்டியோடு நடந்து வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். மயில், வாழைமரம், எரியும் குத்துவிளக்கு, தலைக்கு நேர் மேலே 'வாங்க! வாங்க!'. சாவுக்கு வந்தவரை வாங்க என்று யாராவது வாயால் சொல்வார்களா? போகும்போது வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போகிற சனங்கள் நாங்கள்.

"யாருலா இத மாட்டுனது? எங்கப்பா பெட்டியில வந்து கெடக்கார். நீ எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிடுறியா?" என்று அவர் கத்தினார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் லாரிக்கு ஓடி, கல்யாணச் சாப்பாட்டு மேசைகளுக்கு விரிக்கும் வெள்ளைத் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலி மேல் ஏறி, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய துணிக் கிளிப்புகளால் ஒவ்வொரு தொங்கலாக மூடிக்கொண்டே போனார். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர் அப்படி வாயடைத்துப்போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு தொலைபேசி அடங்கிப்போனது. வாட்சாப் குழுவில் கைதட்டியவர்களே வேறு ஆட்களிடம் கெனோப்பி எடுத்தார்கள். நான் சொன்னேன், அண்ணி சொன்னார், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பச்சை முக்கோணத்தைப் போடுங்கள் என்று. கேட்டால்தானே? அண்ணியைத் தையல் மிஷினில் உட்கார வைத்தார். ஒவ்வொரு தொங்கலுக்கும் மேலே வெள்ளைத் துணியில் ஒரு மூடி. கல்யாண வீட்டில் சுருட்டிக் கட்டிவிடலாம், எழவு வீட்டில் இறக்கி ஒட்டுப்பட்டையால் ஒட்டிவிடலாம். உலகத்தில் எந்தக் கம்பெனியாவது தன் லோகோவை மறைப்பதற்குத் துணி தைத்து வைத்திருக்குமா? பிறகு லகாட் பெரியவரின் கருமாதிக்கு யாரும் கூப்பிடாமலே லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளை மூடிகளோடு கெனோப்பியைப் போட்டுவிட்டு ஒரு ஓரமாக நின்றார். அந்த மகன் பார்த்தார், போகச் சொல்லவில்லை. அதைப் பார்த்துச் சனங்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள்.

"ஒரு வார்த்தைய அழிக்கிறதுக்கு என்னாண்ணே கஷ்டம்?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அழிச்சிட்டா கல்யாண வீட்டுல யாருலா கூப்பிடறது?" என்பார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் பேச என்ன இருக்கிறது?

போன வருடம் ஒரு காலையில், லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அன்று அவருடைய கெனோப்பிகளை அவருடைய ஆட்களே அவர் வீட்டு வாசலில் போட்டார்கள். ஒருவர் வழக்கம்போல வெள்ளைத் துணியை இறக்கப் போனார். காலையிலிருந்து சுவரில் சாய்ந்திருந்த அண்ணி, "மூடாதீங்க" என்றார். "அண்ணி, பாக்கிறவங்க என்னா சொல்வாங்க? லகாட்ல நடந்தது மறந்துபோச்சா?" என்றேன். "சொல்லட்டும். அவரு வீடு. அவருதானே கூப்பிடுறாரு" என்றார். அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனங்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் கெனோப்பிக்கு வெளியே ஒரு நொடி நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். தைப்பிங் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். நான் கூசிப்போய் நின்றேன். மதியம் தெருமுனையில் ஒரு லாரி வந்து நின்றது. இறங்கி வந்தவர் லகாட் பெரியவரின் மகன். அவரும் அதே இடத்தில் நின்றார். மயில்களையும் வாழைமரத்தையும் அந்தச் சிவப்பு எழுத்தையும் வெகுநேரம் பார்த்தார். தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வந்துட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது இந்தப் பச்சை முக்கோணம் வந்திருக்கிறது. அண்ணன் மகள் கெட்டிக்காரி. தொழில் பெரிதாகிறது, வேறு இனத்தாரும் கெனோப்பி எடுக்கிறார்கள், வெள்ளை மூடிகளோடு அவளால் மல்லுக்கட்ட முடியாது. அவள் செய்வது முழுக்க நியாயம். நான் அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியது இதற்காகத்தான். எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். சுத்தமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது, பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வருகிறது. செத்தும் இந்த மனிதர் என்னை நிம்மதியாக ஒரு லோகோவைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்.

அண்ணன் மகளுக்குப் பதில் எழுதவில்லை. நேராக டிசைனருக்கே குரல் பதிவு அனுப்பினேன். "ரொம்ப நல்லா இருக்கும்மா. கொஞ்சம்தான் மாத்தணும்" என்றேன். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

மறுநிமிடமே பதில் வந்தது. "தெரியும்க்கா. செவப்பு எழுத்து எவ்வளவு பெருசா வேணும்?"