ஒரே ஒரு பொய்

பூட்டுக்காரருக்கு ஐம்பது வயதில் கதை எழுதும் கிறுக்குப் பிடித்தது. சாவி ராவிய கையால் மூன்று கொலைக் கதைகள் எழுதி வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன. மனுஷன் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு நடத்திய அம்மாள் கதைகளைப் படித்துவிட்டு முகத்துக்கு நேரே சொன்னாள்: "அத்தனையும் புளுகுங்க. ஒரு பொய் எடுபடணும்னா அதைச் சுத்தி ஒன்பது உண்மையாவது வேணும். தெரிஞ்ச வீட்டை எழுதுங்க, தெரிஞ்ச ஆளை எழுதுங்க."

அவருக்கு அக்கா வீட்டைவிட நன்றாகத் தெரிந்த வீடு ஏது? அக்கா தனியாக இருப்பவள். மதியம் இரண்டு மணிக்குக் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பாள். பின்கதவைச் சற்றுத் தூக்கித் தள்ளினால் தாழ்ப்பாள் நழுவிவிடும். ஊர்க் கதவையெல்லாம் பழுது பார்த்தவருக்கு அதைச் சரி செய்ய மட்டும் இரண்டு வருஷமாக நேரம் கிடைக்கவில்லை! எல்லாவற்றையும் அப்படியே எழுதினார். கொலைகாரனை மட்டும் சொந்தமாகச் சேர்த்தார்.

கதை வந்தது, அவருடைய படத்தோடும் கடை இருக்கும் தெருவின் பெயரோடும். அக்கா ஐந்து பிரதி வாங்கினாள். "என்னையே கொன்னுட்டியேடா, பாவி!" என்று சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

புதன்கிழமை மதியம் ஒருவன் கடைக்கு வந்தான். பூட்டோ சாவியோ எதுவும் அவன் கையில் இல்லை.

"பிரமாதம் சார். ஒரே மூச்சுல படிச்சேன். அந்தப் பின்கதவு நெஜமா?"

பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வாசகன் அல்லவா! "எல்லாமே நெஜம் சார். கொலைகாரன் மட்டுந்தான் பொய்."

"அக்கா பக்கத்துலதான் இருக்காங்களா?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, பச்சை கேட்."

அவன் மணி பார்த்தான், கும்பிட்டான், போய்விட்டான். அடுத்த சாவியை ராவ எடுத்தபோதுதான் பூட்டுக்காரருக்கு உறைத்தது. அவன் ஏன் மணி பார்த்தான்? சுவர்க் கடிகாரத்தில் இரண்டே கால். அக்காவுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. அவள் காதில் எங்கே விழப்போகிறது?

புதுத் தாழ்ப்பாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். தாழ்ப்பாள் எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. அடப்பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார். பச்சை கேட் சாத்தியிருந்தது. கொஞ்சம் உயிர் வந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

பின்கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாள் நழுவித் தொங்கியது.

உள்ளே அறையிலிருந்து, காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில், அக்கா தூக்கக் கலக்கத்தோடு கேட்டாள்:

"யாரு, தம்பியா? ஏண்டா அங்கேயே நிக்கிற, கிட்ட வாயேன்."

அவர் இன்னும் படியேறவே இல்லை.