நாற்பத்தொரு நாள் ஓடிய மெஷின்

கத்தரி சிஸ்டரின் இடுப்பு பதினேழு வருடம் குனிந்தே தேய்ந்தது. புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுவதுதான் அவள் வேலை. ஒரு ஷிப்டுக்கு இருபது பேருக்குக் குறையாது. சட்டைப் பையில் ஒரு கத்தரிக்கோல், வாயில் இன்னொன்று என்று எப்போதும் திரிவதால் வார்டில் வைத்த பெயர் அது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் இப்படிக் குனிந்தால் அப்புறம் நிமிரவே முடியாது என்றார்.

அந்த வாரம்தான் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. ஆறாத புண்ணை மூடி, கெட்ட நீரை உறிஞ்சி எடுக்கும் சின்ன மெஷினை விற்கிறார்கள். அனுபவமுள்ள நர்ஸ் சொன்னால் டாக்டர்கள் காது கொடுப்பார்கள் என்பது ஏரியா மேனேஜரின் கணக்கு. கார் உண்டு, உட்கார்ந்து பேசும் வேலை, ஞாயிறு லீவு. லாரி ஓட்டும் அவள் கணவன் கேட்ட மாத்திரத்தில் தலையாட்டிவிட்டான். அவள் மட்டும், கையெழுத்துப் போடுமுன் அவர்கள் ஆளோடு ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

கூட்டிப்போனவன் கம்பெனியின் நம்பர் ஒன் விற்பனையாளன். இஸ்திரி கலையாத சட்டை. காரில் அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். டார்கெட் எதை வைத்து? ஆறிய புண்ணை வைத்தா? இல்லை, மெஷின் எத்தனை நாள் நோயாளி மேல் ஓடியது என்பதை வைத்து என்றான். ஒருவர் மேல் நாற்பத்தொரு நாளாக ஓடுகிறதாம். இந்த வருட ரெக்கார்டாம். இரண்டு வாரத்தில் புண் சுருங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஏன் என்று தேடுவதுதான் அவள் கற்ற வேலை.

ரெக்கார்டுக்குச் சொந்தக்காரர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் படுத்திருந்தார். தபால்காரர், சர்க்கரை நோய், குதிகாலில் புண். கதவைத் திறந்ததுமே நாற்றம். அங்கே நர்ஸ்கள் அந்த மெஷினைத் தொடுவதில்லை. கம்பெனித் தம்பி வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அவன்தான் வந்து கட்டு மாற்றுவான்.

கட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் வெறுமையாக இருந்தது. அவள் வார்டில், புண்ணுக்குள் எத்தனை துண்டு ஸ்பாஞ்சு வைத்தார்களோ அந்த எண்ணைத் தாளின் மேல் பேனாவால் எழுதிவிட்டுத்தான் கை கழுவுவார்கள்.

"போன தடவை எத்தனை துண்டு வெச்சீங்க?"

"ரெண்டு... ரெண்டுதான் சிஸ்டர்."

அவன் கட்டைப் பிரித்து எடுத்தான். இரண்டு வந்தது. தபால்காரரிடம் கேட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, குனிந்து, புண்ணின் குழியைத் தடவினாள். விரலில் இன்னொன்று தட்டுப்பட்டது. டியூட்டி டாக்டரை வரவழைத்தாள். அவர் மருந்து நீர் விட்டு ஊறவைத்து எடுத்தார். சதை வளர்ந்து பிடித்திருந்த பழைய ஸ்பாஞ்சு, ரத்தத்தோடு வந்தது. தபால்காரர் முகம் சுளிக்கவில்லை. அவர் காலில் உணர்ச்சி செத்து வெகு நாளாகிவிட்டது.

"மெஷினு வேலை செய்யுதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தோம்" என்றாள் அவர் மனைவி.

வராந்தாவில் விற்பனையாளன் போனை நீட்டினான். மறுமுனையில் மேனேஜர்.

"இதுக்குத்தான் சிஸ்டர் உங்கள மாதிரி ஆளு வேணும்ங்கிறேன். நாளைக்கே சேந்துடுங்க. கேஸ் ஷீட்ல மட்டும் எதுவும் வர வேணாம். நம்ம பையன் டாக்டர்ட்ட பேசிக்குவான்."

"நம்ம பையனா? அப்ப அந்தக் காலு யாரோடது?"

போனை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். டாக்டர் பேனாவை எடுக்க யோசித்தார். எழுதி முடிக்கும்வரை அவர் தோளருகே நின்றாள். பார்த்த சாட்சியாகத் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். கீழே வந்தபோது கார் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பினாள்.

கணவன் கொதித்துவிட்டான்.

"வாய மூடிட்டு வந்திருந்தா எவனுக்குத் தெரியும்? உன் இடுப்புக்கு அந்தத் தபால்காரனா வந்து தைலம் தேய்ப்பான்?"

"எனக்காவது வலி தெரியுது. அந்த மனுஷனுக்கு அதுவும் தெரியல."

கோபம் ஆறாமலே விடிந்தது. காலையில் வார்டுக்குப் போகாமல் நேரே நர்சிங் சூப்பிரண்டின் அறைக்குப் போனாள். உட்கார்ந்து கட்டு மாற்றச் சக்கரம் வைத்த இருக்கை ஒன்று வேண்டும் என்றாள். பதினேழு வருடத்தில் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுதிக் கொடு, ஸ்டோரில் வர ஆறு மாதம் ஆகும் என்றார் சூப்பிரண்டு, தன் சுழல் நாற்காலியில் லேசாகத் திரும்பியபடி.

"அப்ப நீங்க கொஞ்சம் எழுந்திரிங்க மேடம்."

இருபத்தொரு பேர் காத்திருந்த வார்டுக்குள் அந்த நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.